வரிக்கு டவுன், பஸ்ஸுக்குப் பட்டிக்காடு

நகரம் என்கிற சொல்லை எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. பாடப்புத்தகத்தில் இருக்கும். பஸ்ஸின் நெற்றியில் ‘நகரப் பேருந்து’ என்று எழுதியிருக்கும். அவ்வளவுதான். வாய்க்கு வருவது டவுன். “எங்க கெளம்பிட்டே?” “டவுனுக்கு.” எந்த டவுன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். எங்களுக்கு இருப்பது ஒன்றே ஒன்று. புது ஆற்றைத் தாண்டி பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அதன் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது சண்டைக்கு வருவார்கள். தவிர, எங்களுக்கு அதன் பெயரே டவுன்தான்.

பட்டணம் என்றால் வேறு. அது மெட்ராஸ். “பையன் பட்டணத்துல இருக்கான்” என்று சொல்லும்போது எங்கள் ஆட்களுக்குக் குரல் கொஞ்சம் உயரும். அந்தப் பையன் பொங்கலுக்கு வந்து இறங்கிச் சொல்வது சிட்டி. “சிட்டில இவ்வளவு கொசு கெடையாது சித்தி.” கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “கெடையாதுல்ல? அப்புறம் எதுக்குடா திரும்பிப் போறப்ப அரிசி மூட்டையக் கட்டிக்கிட்டுப் போறே? சிட்டில வெளையலையா?” என்று கேட்டிருக்கிறேன். தஞ்சாவூரை மட்டும் தஞ்சாவூர் என்றே சொல்வோம். அங்கே போவது பெரியாஸ்பத்திரிக்கு அல்லது கலெக்டர் ஆபீசுக்கு. இரண்டுமே சும்மா போகிற இடமில்லை என்பதால் இருக்கலாம்.

நகர் என்று இன்னொன்று இருக்கிறது. நாலு மா வயலைத் தூர்த்து, மஞ்சள் கல் நட்டு, ஒரு வளைவைக் கட்டி, அதில் ஒரு சாமி பெயரோ பூப் பெயரோ எழுதினால் அது நகர். உள்ளே ஒரு வீடுகூட இருக்காது. ஆடு மேயும்.

இத்தனை சொல்லையும் நான் எடை போட்டுக்கொண்டிருந்தது சும்மா இல்லை. ஒரு சொல்லால் என் வேலை போக இருந்தது.

டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். நிற்கிறேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரைக்கு நின்றால் சாயங்காலம் ஆறரை வரை நிற்பேன். கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஸ்டூலும் வந்தது. அதன்மேல் இப்போது துணிக்கட்டு உட்கார்ந்திருக்கிறது.

கடைக்குள் வருகிறவர்களை நாங்கள் இரண்டாகப் பிரிப்போம். டவுன் பார்ட்டி, கிராமத்துப் பார்ட்டி. டவுன் பார்ட்டி இரண்டு பேராக வரும். ஐம்பது சேலையைப் பிரித்துப் போடச் சொல்லும். “இதுலயே வேற கலர் இல்லையா?” என்று கேட்கும். போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பும். பிறகு “வரோம்” என்று போய்விடும். கிராமத்துப் பார்ட்டி அறுவடை முடிந்து வேன் பிடித்து வரும். பதினைந்து பேர், கைக்குழந்தை, சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் வரும். கல்யாணப்பெண் வாயே திறக்க மாட்டாள், அத்தைகள் சண்டை போடுவார்கள், சாயங்காலத்துக்குள் மொத்த வீட்டுக்கும் துணி எடுத்துவிடுவார்கள். ஆனால் கடையில் ஏசிக்குப் பக்கத்தில் நாற்காலி போடுவது யாருக்கு? டவுன் பார்ட்டிக்கு. கூல்டிரிங்க்ஸ் யாருக்கு? டவுன் பார்ட்டிக்கு. நான் மட்டும் வேனில் வருகிறவர்களுக்குத்தான் முதலில் பாய் விரிப்பேன். அதனால் அவர்கள் உள்ளே நுழைந்ததும் என்னைக் கேட்பார்கள். என் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள்.

அதுதான் விஷயம். ஊரில் நான் இன்னார் பெண்டாட்டி, இன்னார் அம்மா, மெத்தை வீட்டு மருமகள் (மாடி வீட்டுக்கு எங்கள் ஊரில் அப்படிப் பெயர்). கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்ட ஒரே இடம் அந்தக் கடைதான். கால் வீங்கினாலும் பரவாயில்லை என்று நான் அங்கே நிற்பதற்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை.

கடைக்குப் போகவும் வரவும் இருப்பது ஒரே டவுன் பஸ். முகத்தில் ரோஸ் பெயிண்ட் அடித்தது. பெண்களுக்கு டிக்கெட் இல்லை. டவுன் பஸ் என்று பெயரே தவிர அது டவுனுக்குள் ஓடுவது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் வயல், வாய்க்கால், நெல் கொள்முதல் நிலையம், மறுபடி வயல். காலையில் எங்களை அள்ளிக்கொண்டு போகும், ஏழு மணிக்கு டவுன் ஸ்டாண்டிலிருந்து திருப்பிக் கொண்டுவந்து விடும். ஆம்பளைகள் சிலர் “ஓசி பஸ்ஸு” என்று இளிப்பார்கள். “ஆமாய்யா, ஓசிதான். ஒன் வீட்ல ஆக்கி வெச்சதத் தின்னுட்டு வர்றியே, அதுக்கு டிக்கெட்டு எடுத்தியா?” என்று ஒருநாள் பின்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. அதன் பிறகு அந்த ஆள் எங்கள் பஸ்ஸில் ஏறவில்லை.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ஒரு அக்கா. அதிராம்பட்டினத்தில் பிறந்து எங்கள் ஊர்க் கடைத்தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். வீட்டுக்காரர் குவைத்தில். இவர் டவுனில் நைட்டியும் உள்பாவாடையும் மொத்தமாக வாங்கி வந்து ஊரில் வீடு வீடாக விற்பார். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டு அவருக்கு. எப்போதும் பெரிய பை, பையில் எப்போதும் தின்ன ஏதாவது இருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்கள் பஞ்சாயத்தை டவுனோடு சேர்த்தார்கள்.

கிராம சபையில் வேண்டாம் என்றுதான் சொன்னோம். கைநாட்டு வைத்தும் சொன்னோம், கையெழுத்துப் போட்டும் சொன்னோம். யார் கேட்டார்கள்? முதலில் போனது நூறு நாள் வேலை. “நகராட்சி ஆயிட்டீங்கம்மா, நகரத்துல அந்தத் திட்டம் கெடையாது” என்று சொல்லிவிட்டார்கள். அடுத்து வீட்டு வரி உயர்ந்தது, தண்ணீர் வரி புதிதாக முளைத்தது. சாக்கடை வரவில்லை. தெருவிளக்கு வரவில்லை. வந்தது ஒரு போர்டு. ‘நகராட்சி எல்லை ஆரம்பம், தங்களை அன்புடன் வரவேற்கிறது.’ அதைக் கோடையில் வந்து அளந்து, காய்ந்து கிடந்த ஒரு வயலுக்குள் நட்டுவிட்டுப் போனார்கள். தரிசு என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஆற்றில் தண்ணீர் வந்தது, உழுதார்கள், சம்பா நட்டார்கள். போர்டு முழங்கால் தண்ணீரில் நின்றது. அதன்மேல் கொக்கு உட்கார்ந்தது. நடவுக்குப் போன பெண்கள், “பாதி நாத்து டவுன்ல நட்டாச்சு, மீதிய பட்டிக்காட்டுல நடுறோம்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போது வந்தது.

என் கணவரின் அண்ணனுக்கு மட்டும் சந்தோஷம். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். என் கணவர் அறுவடை மிஷின் ஓட்டுகிறவர். சீசனில் ஊர் ஊராகப் போய்விடுவார். அதனால் வீட்டில் கேள்வி கேட்பது மாமாதான். “இனிமே நம்ம எடத்துக்கு மவுசு. நாம டவுன்காரங்க” என்று மீசையைத் தடவினார்.

ஐப்பசி பிறந்ததும் ஒருநாள் சாயங்காலம் பஸ் பைபாஸ் ரவுண்டானாவில் நின்றது. கண்டக்டர் எழுந்து, “கடைசி ஸ்டாப். எல்லாரும் எறங்குங்க” என்றார். நாங்கள் விளையாட்டு என்று நினைத்தோம். இல்லை. டவுன் பஸ் நகர எல்லைக்குள்தான் ஓட வேண்டுமாம், எங்கள் ஊர் கிராமமாம், காலை நடை மட்டும் எப்படியோ இருக்குமாம், சாயங்கால நடை ரவுண்டானாவோடு சரியாம். அங்கிருந்து ஊர் நாலு கிலோமீட்டர். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல், நடுவில் லாரி. விளக்கு கிடையாது. நடந்தோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, போன் வெளிச்சத்தில் நடந்தோம்.

டெப்போவில் போய்க் கேட்டோம். வெளியூருக்குப் போகிற மொபசல் பஸ் இருக்கிறது, அதில் வாருங்கள் என்றார்கள். மொபசல் எங்கள் ஊரில் நிற்காது. மனு கொடுங்கள் என்றார்கள். கொடுத்தோம். அதற்கப்புறம் அந்த மனு என்ன ஆனது என்று அவர்களுக்கும் தெரியாது.

கணவர் ஊரில் இருந்த வரை ரவுண்டானாவுக்கு வந்து பைக்கில் அழைத்துப் போனார். பிறகு குறுவை அறுவடைக்கு மிஷினோடு போய்விட்டார். நான் நனைந்துகொண்டு வீட்டுக்குள் நுழைந்த ஒரு ராத்திரி, மாமா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்: “பொம்பளைங்க டவுன்ல நின்னது போதும். மாசக் கடைசியோட நின்னுக்க.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உப்புக் குறைவு என்று சொல்வதுபோலச் சொன்னார். வீட்டில் இருந்தால் நான் மறுபடி மெத்தை வீட்டு மருமகள், வேறொன்றும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் அடைமழை. பஸ் ரவுண்டானாவில் நின்றது. “கடைசி ஸ்டாப்.” எல்லோரும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். நான் எழவில்லை. திட்டம் ஒன்றும் போடவில்லை. கால் வலி, காலை ஊன்ற மனசில்லை. முதலில் அவ்வளவுதான்.

“அக்கா, எறங்குங்க” என்றார் கண்டக்டர். என்னைவிடப் பத்து வயது சின்னவர், மரியாதையான பிள்ளை.

“நான் எறங்கல தம்பி.”

“ஒடம்பு முடியலையா?”

“ஒடம்புக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. எங்க ஊரு வந்தா எறங்குறேன்.”

படியில் ஒரு கால் வைத்திருந்த அதிராம்பட்டினத்து அக்கா திரும்பிப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, பையோடு திரும்பி வந்து தொப்பென்று பக்கத்தில் உட்கார்ந்தார். “எனக்கும் எங்க ஊரு இன்னும் வரல” என்றார். அவ்வளவுதான். ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்தார்கள். பால் பண்ணைக்குப் போகிறவள், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள், கம்ப்யூட்டர் சென்டர் பெண்கள், எல்லோரும். ஈரச்சேலையோடு பஸ் நிறைய உட்கார்ந்தோம்.

“அக்கா, எம் பொழப்புல மண்ணைப் போட்டுராதீங்க” என்று கண்டக்டர் கும்பிட்டார்.

“நாங்க ஏன் போடுறோம்? நீயும் உக்காரு. டெப்போவுக்குப் போன் போடு. இந்தா, முறுக்கு தின்னு” என்று அக்கா பையைப் பிரித்தார். டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டுச் சிரித்தார். அவருக்கும் இரண்டு முறுக்கு போயிற்று.

ஊருக்குச் செய்தி பறந்துவிட்டது. முதலில் வந்தது மாமாவின் பைக். மழைக்கோட்டோடு படியில் ஏறி நின்று, பஸ் மொத்தமும் கேட்கும்படி, “எறங்கு” என்றார்.

நான் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. சேலை நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

“என்ன, காதுல விழலையா? மானம் போவுது. எறங்கி வண்டில ஏறு. நாளையிலேருந்து வேலையும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்.”

“நான் வேலைக்குப் போவேன் மாமா” என்றேன். “இந்த பஸ்ஸுலதான் போவேன். இந்த பஸ்ஸுலதான் வருவேன். நீங்க போங்க, நனையுறீங்க.”

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். மாமாவின் முகம் கறுத்தது. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. கணவர். மாமா முன்னாலேயே எடுத்தேன். “எங்க இருக்கே? என்னமோ சொல்றாங்க?” என்றார். “ரவுண்டானால. பஸ்ஸுல உக்காந்திருக்கேன். எறங்க மாட்டேன்னு சொல்லிட்டேன்.” மிஷினை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “சரி. சாப்ட்டியா?” என்றார். “முறுக்கு தின்னேன்.” “சரி, உக்காரு” என்று வைத்துவிட்டார். மாமா இறங்கிப் போய்விட்டார்.

டெப்போ மேலாளர் ஜீப்பில் வந்தார். குடையைப் படியில் உதறிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் பேசுவதுபோல ஆரம்பித்தார். “ஏம்மா, உங்க ஊரு கிராமம். டவுன் சர்வீஸ்னா நகர எல்லைக்குள்ளதான் ஓடணும். இது ரூல்ஸ்.”

“சார், எங்க ஊர நகராட்சியில சேத்தாச்சு. எல்லை போர்டே நட்டிருக்காங்க. வந்து பாருங்க, நாத்துக்கு நடுவுல தண்ணியில நிக்குது” என்றேன்.

“அது வேற டிபார்ட்மெண்ட். எங்க லிஸ்ட்ல இன்னும் கிராமம்தான்.”

அப்போதுதான் எனக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. எழுந்து நின்றேன். “வரி கேக்குறப்ப நாங்க டவுனு. நூறு நாள் வேலை கேட்டா நாங்க டவுனு, அது கெடையாதுன்னு சொல்லத் தெரியுது. பஸ் கேட்டா மட்டும் நாங்க பட்டிக்காடா? ஒண்ணு அந்தப் பக்கம் வைங்க, இல்ல இந்தப் பக்கம் வைங்க. ரெண்டுங்கெட்டானா நடுவழில எறக்கி விடாதீங்க சார்.”

“நகரம்னா அதுக்கு ஒரு வரையறை இருக்கும்மா...”

“இருக்கட்டும் சார்” என்று அக்கா உட்கார்ந்தபடியே சொன்னார். “நான் பட்டினத்துல பொறந்தவ. எங்க ஊருப் பக்கம் பட்டினம்னா கப்பல் வந்து நின்ன எடம். நீங்க ஒரு பஸ்ஸக் கொண்டாந்து நிறுத்த மாட்டேங்குறீங்க, வரையறை சொல்றீங்களே.”

டிரைவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. மேலாளர் இறங்கிப் போய் மழையில் நின்று யாரிடமோ போனில் பேசினார். திரும்பி வந்து, “இன்னைக்கு மட்டும் கொண்டுபோய் விடச் சொல்றேன்” என்றார்.

“நாளைக்கு?” என்றேன்.

“நாளைக்கு நாளைக்குப் பாக்கலாம்.”

“நாளைக்கும் உக்காருவோம் சார். முன்னாடியே சொல்லிட்டோம், அப்புறம் சொல்லலைன்னு சொல்லாதீங்க.”

மறுநாளும் உட்கார்ந்தோம். அதற்கு மறுநாளும் உட்கார்ந்தோம். வாரக்கணக்கில் உட்கார்ந்தபின் ஒரு ஏற்பாடு வந்தது. உத்தரவு என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் காகிதத்தில் ஒன்றும் இல்லை. காகிதத்தில் இன்றைக்கும் சாயங்கால நடை ரவுண்டானாவோடு முடிகிறது. வாய்வார்த்தையாகத்தான் டிரைவரிடம் சொல்லியிருக்கிறார்கள்: இறங்காதவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வா. அதனால் தினமும் ரவுண்டானாவில் பஸ் நிற்கும். கண்டக்டர் எழுந்து, “கடைசி ஸ்டாப், எல்லாரும் எறங்குங்க” என்று விதிப்படி சத்தம் போடுவார். யாரும் அசைய மாட்டோம். தூங்குகிறவர்கள் கண்கூடத் திறக்க மாட்டார்கள். அவர் நிமிர்ந்து எல்லோர் முகத்தையும் ஒருதரம் பார்ப்பார். பிறகு விசில். “போலாம் ரைட்.” இதில் ஒரு கூத்து என்னவென்றால், ரவுண்டானாவுக்கு அப்பால் ஸ்டாப் இல்லை என்பதால் மிஷினில் டிக்கெட்டே வராது. ஓசி என்று இளித்த ஆம்பளைகளும் இப்போது அந்த நாலு கிலோமீட்டர் ஓசியில்தான் வருகிறார்கள்.

நான் வேலையை விடவில்லை. மாமா என்னோடு பேசுவதை விட்டார். சாப்பாடு போட்டால் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். எனக்கும் அவரிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. காலையில் நான் பையை எடுக்கும்போது அவர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்வார்.

போன மாதம் அவருடைய பைக் டவுனில் மெக்கானிக்கிடம் படுத்துக்கொண்டது. ஏழு மணி பஸ்ஸில் அவர் ஏறினார். என்னைப் பார்த்தார், பார்க்காத மாதிரி முன்பக்கம் போய் உட்கார்ந்தார். ரவுண்டானாவுக்கு டிக்கெட் எடுத்தார். அதற்குமேல் தரமாட்டார்கள்.

ரவுண்டானா வந்தது. “கடைசி ஸ்டாப், எல்லாரும் எறங்குங்க.”

மாமா எழுந்தார். பைக்கிலேயே போய்வருகிறவருக்கு எங்கள் ஏற்பாடு பழக்கமில்லை, தவிர, கண்டக்டர் சொன்னால் இறங்கிவிட வேண்டும் என்கிற ஆள் அவர். துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படிக்கு வந்தார். வெளியே நல்ல இருட்டு. பின்னால் யாரும் வராததைப் பார்த்து நின்றார். பஸ் மொத்தமும் என்னைப் பார்த்தது. நடக்கட்டும், நாலு கிலோமீட்டரும் நடக்கட்டும் என்று மனசார நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், நினைத்தேன்.

“உக்காருங்க மாமா” என்றேன்.

அவர் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தார். எத்தனையோ மாதம் கழித்து என்னிடம் பேசினார். “டிக்கெட்டு இதுவரைக்கும்தானே எடுத்திருக்கு?”

“இதுக்கு மேல டிக்கெட்டு கெடையாது மாமா. இது நாங்க உக்காந்து வாங்குன தூரம். உக்காருங்க.”

உட்கார்ந்தார்.